மூடி மேலே, பாட்டில் கீழே

தச்சுப் பட்டறை உத்திரத்தில் தலைகீழாகத் தொங்கிய ஹார்லிக்ஸ் பாட்டிலை அழகுராஜா இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இழுத்தால் வருமா? மூடியை உத்திரத்தோடு வைத்து ஆணி அறைந்திருக்கிறது. பாட்டிலைத் திருகினால்தான் கையோடு வரும். காலையிலிருந்து அந்தப் பட்டறையை என்ன செய்யலாம் என்று எல்லாருக்கும் யோசனை சொன்ன மனுசனுக்கு இது தெரியவில்லை.

அவனுடைய அண்ணன் முத்தையா ஆசாரி முற்றத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். வாசலில் பாடை கட்டுகிறவர்கள் ஆணி கேட்டு இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே பழைய சாமான் வண்டி ஒன்று நின்றது. அதை வரச் சொன்னதும் அழகுராஜாதான்.

"எதுல என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் குப்பை! அள்ளிப் போட்டுட்டு எடத்த வாடகைக்கு விட்டுருவோம்" என்றான்.

தலைமாட்டில் இருந்த நாகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருசனைப் பறிகொடுத்து இன்னும் ஒரு பொழுது ஆகவில்லை. அதற்குள் பட்டறையுமா?

எழுந்தாள். "ஏத்தா நாகு, எங்குட்டுப் போறே? தலைமாட்ட விட்டு எந்திரிக்கக் கூடாதுடி" என்று நாத்தனார் சோலையம்மாள் முந்தானையைப் பிடித்தாள்.

"ஆணி கேக்குறாகல்ல? எடுத்துக் குடுத்துட்டு வாரேன்."

நாலு வருசத்துக்கு முன்னால் முத்தையாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துபோனது. அன்றைக்கு உளியைப் பிடித்தவள்தான் நாகவல்லி. தேடுவதிலேயே பாதி நாள் போனதால், அளவுவாரியாக ஆணிக்கு ஹார்லிக்ஸ் பாட்டில், ஸ்க்ரூவுக்குப் பழைய டிபன் கேரியர் அடுக்கு, உளிக்கு வயிறு வெட்டிய எண்ணெய் கேன், துளைக்கிற கம்பிகளுக்கு அவருடைய மாத்திரை டப்பா என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம் செய்தாள். "இது பட்டறையா, அடுப்பங்கரையா?" என்று சிரித்தார் முத்தையா. மறுவாரமே காலி டப்பாக்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்.

ஊர் மட்டும் அவள் பார்த்த மரவேலையை முத்தையா ஆசாரி வேலை என்றே சொன்னது. சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் செய்த தப்பு.

பட்டறைக்குள் வந்தவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி நான்காவது பாட்டிலை ஒரு திருகு திருகினாள். ஒன்றரை இஞ்சு ஆணி. ஒரு கை அள்ளி வாசலில் கொடுத்தாள்.

"இழுத்தா வராது தம்பி. திருகணும்" என்றவள் வண்டிக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, வண்டியத் திருப்பிக்கங்க. இங்க எடுக்க ஒண்ணுமில்ல."

"எழவு வீட்டுல வீம்பு பண்ணாதீக மதினி. ஆம்பளை இல்லாத பட்டறைல இனி யாரு வேலை பாக்குறது?"

"இத்தன நாள் யாரு பாத்தா? கானாடுகாத்தான் ஓட்டல்ல அம்புட்டு சன்னலுக்கும் கீல் மாட்டுனது யாரு? உங்க அண்ணனா, நானா? அந்தா படுத்திருக்காரு, போய்க் கேளுங்க! வண்டில என்னைய ஏத்திட்டுப் பெறகு பாட்டில ஏத்துங்க."

பாடை கட்டுகிறவர்களின் சுத்தியல் நின்றது. வண்டி தெருமுனை திரும்பியது.

முத்தையாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். அடுப்படியில் அவருக்குக் கரைத்துக் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அடியில் இரண்டு கரண்டி மாவு கட்டி தட்டிப்போயிருந்தது. நாகவல்லி அதைக் கொட்டிக் கழுவி, முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். பாடைக்குப் போக மிஞ்சிய ஆணிகள் வாசலில் கிடந்தன. குனிந்து பொறுக்கினாள்.

"எழவுக்குப் போன ஆணிடி, தெருவுல எறி!" என்றாள் சோலையம்மாள்.

"நல்ல ஆணி. ஏன் எறியணும்?"

பட்டறையில் அவர் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மூடியை உத்திரத்தில் வைத்து, அந்த ஆணிகளில் இரண்டை அறைந்தாள். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். மிச்ச ஆணிகளைப் பாட்டிலில் போட்டுத் திருகி மாட்டிவிட்டு, விழாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.