சிவப்பு நூலில் ஒரு பெயர்

எங்கள் அப்பா வேடியப்பன் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலையில்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே மலையைச் சுற்றும். அவர் ஒருமுறைகூடச் சுற்றியதில்லை. "எல்லாம் மூடநம்பிக்கை" என்பார். சாமி பெயரை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சைப் பாருங்கள். கட்சியும் கூட்டமும்தான் அவருக்கு உலகம்.

தங்கை அன்புச்செல்வி, கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் பிளாக் பெல்ட்டுக்குத் தேறிவிட்டாள். பெல்ட் கொடுக்கும் விழாவுக்கு அப்பா வரவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. எத்தனையோ போட்டிகளில் ஜெயித்தாள், ஒன்றையும் அவர் வந்து பார்த்ததில்லை. இப்போதோ 2001 தேர்தல் நேரம், கேட்கவே வேண்டாம்.

தேரடித் தெருவில் நான் எம்பிராய்டரி கடை வைத்திருப்பதால் பெல்ட்டில் பெயர் போடும் வேலை என்னிடம் வந்தது. கறுப்பில் குங்குமச் சிவப்பு எடுப்பாக இருக்கும், மங்களமும்கூட என்று யாரையும் கேட்காமல் சிவப்பு நூலில் போட்டேன். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"கறுப்பு சிவப்பு! நம்ம கொடிம்மா! நான் வர்றேன். அஞ்சு நிமிஷம் இருந்துட்டு கூட்டத்துக்குப் போயிடுறேன்."

மகளைப் பார்க்க வராதவர் கொடியைப் பார்க்க வருகிறாரே என்று எனக்கு எரிச்சல். அன்புவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

விழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் பெல்ட்டை வாங்கிப் பார்த்த மாறன் மாஸ்டரின் முகம் மாறியது.

"என்னங்க, சிவப்புல போட்டுட்டீங்க? பேரு தங்கக் கலர்ல இருக்கணும். உயிரோட இருக்கறவங்க பேரை கொரியாக்காரங்க சிவப்புல எழுத மாட்டாங்க. செத்தவங்க பேரைத்தான் அப்படி எழுதுவாங்களாம். சரி, இன்னிக்கு கட்டிக்கட்டும், அப்புறமா மாத்திக்கலாம்."

அன்பு சிரித்தாள்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை மாஸ்டர். எங்கப்பாவைக் கேளுங்க."

அப்பா சிரிக்கவில்லை. பெல்ட்டை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஆட்டோவைக் கூப்பிடு. இப்பவே பிரிக்கணும்."

கடையில் என்னைத் தொடவிடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பிளேடை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அவரே பிரித்தார்.

"எவன் இவ்ளோ நீட்டுப் பேரு வெச்சது?"

"நீதாம்ப்பா."

கட்சிக்காரர் காசி தேடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, கூட்டத்துக்கு ஆளுங்க வந்துட்டாங்க."

"வந்தா உக்காரச் சொல்லு. எம் பொண்ணு பேரு இங்க பாதியில நிக்குது."

இந்த மனுஷனைப் போய் பாசமில்லாதவர் என்று நினைத்தோமே என்று என்னையே நொந்துகொண்டேன். பழைய ஊசி ஓட்டைகள் தெரியாதபடி தங்க நூலை நெருக்கமாக ஓட்டிக்கொடுத்தேன்.

மைதானத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மாஸ்டர் பெல்ட்டைக் கட்டிவிட்டபோது அன்பு கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் ஓய்ந்த பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார். விழா முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு எங்கள் இருவரையும் மைதானத்து மூலைக்கு அழைத்துப்போனார். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். பிரித்த சிவப்பு நூல் அத்தனையும் உருண்டையாக இருந்தது.

"கட்சிக்காரங்க யாராவது பாக்கறாங்களா பாரு" என்றார் என்னிடம்.

"யாரும் இல்லப்பா."

மலையை ஒருமுறைகூடச் சுற்றாத அப்பா, அந்த நூலை மகளின் தலையைச் சுற்றி மூன்று முறை கொண்டுபோய், "துப்பும்மா" என்று அவள் முன் நீட்டினார்.