சில்லறைக்குப் பதில் மிட்டாய்

கனிஷ்காவின் சிரிப்புக்கு விலை முப்பத்தாறு ரூபாய். மாத்திரைப் பட்டையில் அச்சிட்டிருந்தது நாற்பது. மருந்துக் கடை யேசுராஜ் முப்பத்தெட்டு என்றார். அவள் அப்பன் குமாரவேல் முப்பத்தாறில் கொண்டுவந்து நிறுத்தினான். பத்து மாத்திரை. தினம் அரை மாத்திரை வீதம் இருபது நாளைக்கு வரும். இருபது நாள் சிரிப்பு முப்பத்தாறு ரூபாய் என்றால் கொள்ளை மலிவுதான். ஆனால் மலிவாக வந்த சரக்கைக் குமாரவேல் தன் ஆயுளில் நம்பியதில்லை. அதனால்தான் அந்தப் பட்டை ஒரு வாரமாகக் கல்லாப்பெட்டியில் ரூபாய் நோட்டுகளுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டில் கடை. சேஃப்டி ஷூ, பாய், தலையணை, பக்கெட், பூட்டு என்று வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து இறங்கும் பையன் முதல் சம்பளத்துக்குள் வாங்கியாக வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். குமாரவேலின் அப்பா காஞ்சிபுரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கேட்ட விலையைக் கேட்டவுடன் கொடுப்பவன் ஒன்று மகானாக இருக்க வேண்டும், இல்லை கள்ள நோட்டு வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். மகன் அதைச் சொத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி பாட்டில், நிறைய மிட்டாய். விற்பதற்கு அல்ல. சில்லறை இல்லாதபோது ஒரு ரூபாய்க்கு ஒன்று. "அண்ணே, பாக்கி வாங்கிக்கோ" என்று கூப்பிட்டு உள்ளங்கையில் இரண்டை வைத்து அழுத்துவான். ஒருமுறை ஒரு பையன் அப்படிச் சேர்த்துவைத்த மிட்டாயையெல்லாம் கொண்டுவந்து கொட்டி, பூட்டு விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னான். குமாரவேல் அசரவில்லை. பழைய மிட்டாய் என்று சொல்லிப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான்.

கனிஷ்காவுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு குறைவு, ஆனால் சிரிப்பு தாராளம். கம்பெனி பஸ் கடை முன்னால் நின்று 'புஸ்' என்று பிரேக் விடும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஸ்ரீபெரும்புதூரில் பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குப் பிடித்ததாக ஏதாவது கொடுங்கள் என்று அங்கே சொன்னார்கள். குமாரவேல் கையருகே இருந்தது பாட்டில். ஒரு வார்த்தைக்கு ஒரு மிட்டாய் என்று ரேட்டு ஆரம்பித்தது. பஸ், தா, தண்ணி என்று வார்த்தைகள் வந்தன. கொஞ்ச நாளில் அவள் வாயை மூடிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினாள். அப்புறம் மூன்று. பெற்ற மகள் தன்னிடமே விலையை ஏற்றுகிறாள் என்று கண்டபோது குமாரவேலுக்கு ஏற்பட்ட பூரிப்பு, பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் எடுத்த பிள்ளையின் அப்பனுக்குக்கூட ஏற்பட்டிருக்காது.

போன மாதம் எல்லாம் நின்றது. பஸ் புஸ் என்றாலும் திரும்புவதில்லை. சோற்றைத் தட்டிவிட்டாள். தூக்கம் போயிற்று. தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு அழுதாள். மிட்டாயைக் கொடுத்தால் தூக்கி எறிந்தாள். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வருவதுண்டு, கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் அரை மாத்திரை எழுதினார். வெளியே நாற்பது டோக்கன் காத்திருந்தது.

கொடுக்கலாம் என்றாள் மனைவி தேவிப்பிரியா. கூடாது என்றான் குமாரவேல். அவள் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்பவள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக் கூடக் கழற்றாமல் கடைக்குள் வந்து ஆரம்பிப்பாள்.

"இன்னாங்க, இன்னும் பிரிக்கலியா?"

"ஆறு வயசுப் புள்ளைக்கு மனசு சரியில்லன்னு மாத்திரை குடுத்துக்கினு... நாளைக்கு அதுவே பழகிடுச்சுன்னா?"

"உங்கம்மா பிரஷருக்கு முழுங்குது. நான் தைராய்டுக்கு முழுங்கறேன். உங்க பொண்ணு மட்டும் சும்மா அழுவணுமா? இந்தச் சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பாக்காம வாங்கமாட்ட, அவ மண்டைக்குள்ள இன்னா கீதுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும்.

"அதான் சொல்றேன். உள்ள இன்னான்னு தெரியாம எதைப் போட்டு மூடறது?"

"ராத்திரி பூரா அவளைத் தோள்ல போட்டுக்கினு நடக்கறவ நானு. அவ சிரிச்சு ஒரு மாசம் ஆவுது. எனக்கு அது வேணும். நீ வெல பேசிக்கினே இரு."

குமாரவேலுக்கும் அது வேண்டும். அந்தச் சிரிப்புக்காகக் கடையையே எழுதிக் கொடுப்பான். என்ன, யாருக்கு எழுதிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் ஓர் உடன்பாடு. காஞ்சிபுரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளை மட்டும் பார்க்கும் செல்வமேரி என்ற டாக்டர் இருக்கிறார். அவர் என்ன சொன்னாலும் இருவரும் கேட்பது. தேவிப்பிரியா இரண்டு ஓவர்டைமை விட்டுக்கொடுத்து லீவு எடுத்தாள்.

போகும் வழியெல்லாம் குமாரவேல் பேரத்துக்குத் திட்டம் போட்டான். அரை மாத்திரை என்பார். வேண்டவே வேண்டாம் என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் பிடிவாதம் பிடிப்பார். எழுந்து வாசல்வரை போக வேண்டும். கூப்பிடுவார். கால் மாத்திரையில் முடித்துக்கொள்ளலாம்.

டாக்டர் செல்வமேரி அவசரப்படாதவர். சொன்னதையெல்லாம் கேட்டார், பழைய சீட்டைப் பார்த்தார், கனிஷ்கா மேஜை டிராயரை இழுத்து இழுத்து மூடுவதைத் தடுக்கவில்லை.

குமாரவேல் தொண்டையைச் செருமினான். "டாக்டர், மொதல்லயே சொல்லிடறேன். இந்த மாத்திரை எங்களுக்கு வேணாம்."

"சரி," என்றார் டாக்டர். "இப்போதைக்கு வேண்டாம்."

குமாரவேலுக்குக் காலடியில் தரை போனது. எண்ணூறு சொன்ன ஷூவை நூற்றைம்பதுக்குக் கேட்டு, 'எடுத்துக்கோ' என்று பதில் வந்தவனின் நிலைமை. ஷூவில் ஓட்டையா, ரெண்டும் இடது காலா?

"டாக்டர்... ஒரு கால் மாத்திரையாவது?"

தேவிப்பிரியா மெல்லத் திரும்பினாள். "நீங்க இன்னா கட்சி?"

"இரு பிரியா. டக்குனு வேணாங்கறாங்களே. அப்போ மாத்திரையால ஒண்ணும் ஆவாத அளவுக்குப் போய்டுச்சோ இன்னாவோ."

அந்தப் பயம் அவளையும் தொற்றியது. "டாக்டர், நான் குடுக்கணும்னுதான் வந்தேன். ஆனா நீங்களே வேணாம்னா... எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "மறைக்க ஒண்ணுமில்ல. நானும் இந்த மாத்திரை எழுதறவதான். கொஞ்சம் பெரிய பிள்ளைங்க, பயம் ரொம்ப ஜாஸ்தின்னா, எழுதிட்டுக் கூடவே கவனிச்சுக்கிட்டு இருப்பேன். ஆனா இந்த வயசுல, ஆட்டிசம் இருக்கற பிள்ளைக்கு இது கேக்கும்னு உறுதியா சொல்ல ஆராய்ச்சில பெரிசா ஒண்ணும் கிடைக்கல. சில பிள்ளைங்களுக்குத் தூக்கம் இன்னும் கெடும், பரபரப்பு கூடும். அதனால மாத்திரையைக் கடைசியில வெச்சிருக்கேன், குப்பையில போடல. அப்பா, நீங்க கடை வெச்சிருக்கீங்க இல்ல? ஒரு சரக்கு திடீர்னு போகாம நின்னுடுச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"விலைய கொறைப்பேன்."

"அதுக்கு முன்னால?"

குமாரவேல் யோசித்தான். "சரக்குல எதாச்சும் டேமேஜான்னு பாப்பேன்."

"அதான். பேசத் தெரியாத பிள்ளை திடீர்னு மாறிட்டா, மொதல்ல எங்கியாச்சும் வலிக்குதான்னு பாக்கணும். அம்மா சொல்லுங்க, எந்தக் கன்னத்துல அடிச்சுக்கறா?"

"இடது," என்றாள் தேவிப்பிரியா. சொன்னவுடன் அவள் முகம் மாறியது. "எப்பவும் இடதுதான்."

டாக்டர் டார்ச்சை எடுத்தார். கனிஷ்கா வாயை இறுக மூடிக்கொண்டு மேஜைக்கடியில் போய்விட்டாள். டாக்டர் புடவையைச் செருகிக்கொண்டு தானும் தரையில் உட்கார்ந்தார். டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் வாயைப் பிளந்தார். கனிஷ்கா உள்ளே வெளிச்சம் அடித்து, மேல்வரிசை கீழ்வரிசை எல்லாம் சோதித்தாள். ஒரு தங்கப் பல்லைக் கண்டுபிடித்து விரலால் தட்டிப் பார்த்தாள். திருப்தியானதும் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், வாங்கியதற்குப் பதில் தர வேண்டும் என்று தெரிந்த வியாபாரி மகளாக, தன் வாயைத் திறந்தாள்.

கீழே, இடது பக்கம், கடைவாய்ப் பல்லில் கரும்பள்ளம். ஈறு வீங்கிச் சிவந்திருந்தது.

"இத்தனை நாள் இதோட இருந்திருக்கா," என்றார் டாக்டர். "மிட்டாய் நிறைய குடுக்கறீங்களா?"

தேவிப்பிரியா புருஷனைப் பார்த்தாள். குமாரவேல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"மிட்டாய்னு சொல்ல முடியாது டாக்டர்," என்றான். "சில்லறைதான்."

அந்த வாரத்திலேயே பல் டாக்டர் அவளைத் தூங்கவைத்துப் பல்லை எடுத்தார். பால்பல்தான், புதுசு முளைக்கும், ஆனால் அது மிட்டாய் தின்பதற்கு அல்ல என்று பெற்றவர்களிடம் சொல்லி அனுப்பினார். வீக்கம் வடிந்ததும் கனிஷ்கா சோறு தின்றாள். கன்னத்தில் அறைவது நின்றது. ஆனால் சிரிப்பு வரவில்லை. வார்த்தையும் வரவில்லை. பாட்டில் காலியாகிவிட்ட கடையில், கூலி நின்றுபோன தொழிலாளி போல உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஏதாச்சும் குடுக்கணுமே. இன்னா குடுக்கறது?" என்றாள் தேவிப்பிரியா.

"நெஜக் காசு குடுத்துடறேன்," என்றான் குமாரவேல், எரிச்சலில். கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, காலியான எவர்சில்வர் டம்ளரில் போட்டான். டிங்.

கனிஷ்கா தலையைத் தூக்கினாள்.

இன்னொன்று போட்டான். டிங். அவள் வாயோரம் லேசாக ஆடியது. குமாரவேல் மூன்றாவதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டான். விலை தெரியாமல் சரக்கை விடுபவன் அல்ல அவன். அவள் அவன் கையைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள்.

"தா," என்றாள்.

டிங். அந்தச் சத்தத்துக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரி டிரைவர்கள் காரணம் தெரியாமல் தாங்களும் சிரித்தார்கள். தேவிப்பிரியா பையைப் பாய்க்கட்டின் மேல் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குமாரவேல் ஷூ அட்டைப்பெட்டிகளை அடுக்குவது போல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

அன்றிலிருந்து கூட்டுரோட்டில் ஒரு புதுமை. குமாரவேல் கடையில் பாக்கிக்கு நிஜமான சில்லறை. மகள் டம்ளருக்காக அவன் டவுன் பஸ் கண்டக்டரிடம் கெஞ்சி நாணயம் மாற்ற ஆரம்பித்திருந்ததால் கல்லாவில் எப்போதும் கொஞ்சம் கிடந்தது. வாங்க வந்த பையன்கள் முதலில் உள்ளங்கையைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கடை கைமாறிவிட்டதா என்று ஒருவன் கேட்டான்.

தூக்கம் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. சில ராத்திரி விடியும்வரை விழித்திருந்தாள். அதை டாக்டரிடம் போனில் சொன்னார்கள். மூன்று மாதம் பார்ப்போம், பயிற்சி தொடரட்டும், அப்புறம் மாத்திரையைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்றார் அவர்.

"பேசறப்போ நான்தான் மொதல்ல பேசுவேன்," என்றாள் தேவிப்பிரியா. "வேணும்னா வேணும்னுதான் சொல்வேன். நீங்க குறுக்க பூந்து கால், அரைன்னு ஆரம்பிக்கக் கூடாது."

"அவங்க குடுன்னா குடுப்போம். வேணாம்னா விடுவோம்," என்றான் குமாரவேல். பேரமே இல்லாமல் அவன் ஒத்துக்கொண்டதில் அவளுக்கே சந்தேகம் வந்தது.

அதுவரை பட்டை எதற்குக் கல்லாவில்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கனிஷ்காவைக் கையில் பிடித்துக்கொண்டு யேசுராஜ் கடைக்குப் போனான்.

"அண்ணே, பிரிக்கல. திருப்பி எடுத்துக்கோ. நாப்பது ரூபா."

"வாங்கினது முப்பத்தாறு, குமாரு."

"அட்டையில நாப்பதுன்னு கீதே."

"அட்டையில இன்னா வேணா இருக்கும். நீ உங்கடைல அட்டை விலைக்கா விக்கற?"

முப்பத்தாறில் நின்றது. யேசுராஜ் இருபதும் பத்துமாக நோட்டை வைத்தார். ஓர் ஐந்து ரூபாய் நாணயம் வைத்தார். டிராயரைத் துழாவினார், இன்னொரு டிராயரைத் துழாவினார். பிறகு ஜாடியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, நாணயத்துக்குப் பக்கத்தில் பவ்யமாக வைத்தார்.

"சில்லறை இல்லப்பா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

குமாரவேல் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்னக் கை மேலே வந்தது. கனிஷ்கா மிட்டாயை எடுத்தாள். உற்றுப் பார்த்தாள். மேஜையில் யேசுராஜ் பக்கமாகத் தள்ளினாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"பாக்கி," என்றாள்.

இதுவரை அவள் சொல்லாத வார்த்தை. யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. யேசுராஜ் அவளைப் பார்த்தார், அப்பனைப் பார்த்தார். அப்பன் கண் கலங்கி, வியாபாரத்துக்கு லாயக்கில்லாத நிலையில் நின்றிருந்தான்.

"நாளைக்குத் தர்றேன்டா கண்ணு," என்றார் யேசுராஜ்.

"பாக்கி," என்றாள் அவள், பஸ் பிரேக் விட்டதற்குச் சிரிப்பது போலச் சிரித்துக்கொண்டு.

ஆக மொத்தக் கணக்கு: பல் ஒன்று செலவு. மாத்திரை பத்தும் வந்தபடியே திரும்பியது. சிரிப்பு முழுசாக வரவு, தூக்கம் பாதி வரவு, மீதியை மூன்று மாதம் கழித்துப் பேச வேண்டும். முப்பத்தாறில் கைக்கு வந்தது முப்பத்தைந்து. மருந்துக் கடை யேசுராஜ் கனிஷ்காவுக்குத் தர வேண்டிய பாக்கி, ரூபாய் ஒன்று.