எங்கள் கிணற்றுப் பாலாமை

வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திய பிறகு சேற்றில் மாட்டிக் கிடந்ததை என் கணவர் கர்ணன்தான் எடுத்து வந்தார். அப்போது அது உள்ளங்கை அகலம்கூட இல்லை. தோட்டத்துக் கிணற்றில் விடப் போனவரிடம் அது என்ன என்று கேட்டேன்.

"பாலாமை. கெணத்துல கெடந்தா புழு பூச்சி தங்காது."

பால் எங்கிருந்து வந்தது என்றேன். அதைப் புரட்டிக் காட்டினார். மேலே பாசி நிறம். வயிற்றுப் பக்கம் காய்ச்சி ஆறவைத்த பால் மாதிரி வெளுத்திருந்தது.

அந்தப் பெயரைத் தோட்டத்தில் வைத்துத்தான் சொல்வார். சின்னமனூர்ப் பக்கம் எங்களைப் போலப் பல வீடுகளில் ஆமை என்ற சொல்லை வீட்டுக்குள் எடுக்கமாட்டோம். நல்ல காரியம் பேசும்போது சுத்தமாக எடுக்கமாட்டோம். 'அது' என்போம். இவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வீட்டுக்குள் வந்துவிட்டால் இவருக்கும் 'அது'தான்.

ஐப்பசியில் மோட்டார் போடப் போனவர் கிணற்றடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கருமாதிக்கு வந்த பெண்கள் கிணற்றில் கறுப்பாக ஒரு தலை மேலே வந்து மூச்சு வாங்கிப் போனதைப் பார்த்திருக்கிறார்கள். பேச்சு என் மதினி முத்துப்பேச்சி காதுக்குப் போய்விட்டது.

மதினி இவருக்கு மூத்த அக்காள். அல்லிநகரத்தில் இருக்கிறார். மதினியின் மகள் முனீஸ்வரியை என் மகன் சசிதரனுக்குத் தையில் கட்டுவதாகப் பேசி முடித்திருந்தோம். துக்கம் வந்ததால் அடுத்த தைக்குத் தள்ளிப்போட்டோம். மாசியில் மதினி போன் செய்தார்.

"மகாலட்சுமி, அது இன்னும் கெணத்துலதான் கெடக்கா?"

"கெடக்கு மதினி."

"அது கெடக்குற வீட்டுக்கு எம் பொண்ண அனுப்பமாட்டேன். எந் தம்பிய முழுங்குனது போதும்."

போனை வைத்துவிட்டார். சசிதரன் முனீஸ்வரியோடு பேசும்போது சிரித்துக்கொண்டே வாழைத்தோட்டத்துக்குள் போய்விடுவான். அன்றைக்குப் பேசிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தான். "தூர் எடுக்கும்போது பிடிச்சு ஆத்துல விட்டுருவோம்மா" என்றான். சரி என்றேன்.

சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். இவர் குரல் கேட்டால் அது மேலே வரும். இவர் போன பிறகு என் குரலுக்கும் வர ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லாத பேச்சையெல்லாம் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்காக மகன் கல்யாணத்தை நிறுத்த முடியுமா?

சித்திரையில் தண்ணீர் கீழே போனதும் தூர் எடுக்க ஏற்பாடு செய்தோம். மோட்டார் மெக்கானிக் பக்கீர் முகம்மது உத்தமபாளையத்திலிருந்து வந்தார். குமுளியில் ரொம்ப காலம் கடை வைத்திருந்தவர். மதினியும் முனீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"எங் கண்ணு முன்னால அது வெளிய போகணும்" என்று சொல்லிவிட்டுத் தென்னை மரத்தோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கிணற்றுப் பக்கமே வரவில்லை.

சசிதரன் உள்ளே இறங்கிக் கூடையில் வைத்துக் கொடுத்தான். பக்கீர் பாய் கயிற்றை இழுத்தார்.

"ஏப்பா, என்ன இந்தக் கனம் கனக்குது? உங்கப்பா இதுக்குச் சோறு போட்டாரா, சிமிண்டு போட்டாரா?"

கூடை மேலே வந்தது. அது தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூடிக் கிடந்தது.

"குமுளில இதை வெள்ளாமைம்பான். 'கெணத்துல வெள்ளாமை கெடக்கு, பாத்து எறங்கு'ன்னான் ஒருத்தன். கெணத்துக்குள்ள எவன்டா நெல்லு நட்டதுன்னு கேட்டேன்."

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். மதினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தப் பேர வாயில எடுக்காதீக பாய்."

"நான் மலையாளத்துலதானக்கா எடுத்தேன்" என்றபடி பாய் சேற்றைக் கழுவ அதைப் புரட்டினார். வெள்ளை வயிறு வெயிலில் தெரிந்தது.

மதினி முந்தானையை விட்டுவிட்டார். மெதுவாகக் கிட்டே வந்து குனிந்தார்.

"இதுவா?"

"இதுதான் மதினி."

"கருப்பா, ஓட்டு மேல மூணு வரப்பு ஓடுனாப்புல ஒண்ணு கெடக்கணுமே?"

"உள்ள வேற ஒண்ணும் இல்லத்தை. தரை தெரியுது" என்று கிணற்றுக்குள்ளிருந்து சசிதரன் கத்தினான்.

மதினி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நான் காராமைன்னுல நெனச்சேன்!"

பிறகுதான் சொன்னார். கூடலூரில் மதினி சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு மழைக்குக் காராமை ஒன்று கொல்லை வழியாக வீட்டுக்குள் ஏறி அடுப்படியில் கிடந்ததாம். அந்த ஆடியிலேயே அவர்கள் அப்பா இறந்துவிட்டார். இவர் அப்போது தொட்டிலில்.

"எங்களுக்கு அதுன்னா அந்தக் கருப்புதான். இத யாரு குத்தம் சொன்னா? எங்கம்மாவே கெணத்துல விட்டு வச்சிருந்தாக. பாலாமை கெடக்குற தண்ணின்னு தெருவே வந்து மோந்துட்டுப் போகும். ஏத்தா, நீ போன்லயே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க அதுன்னீக, நானும் அதுன்னேன். வீட்டுக்குள்ள நின்னு எப்படி மதினி பேரைச் சொல்றது?"

"அதுவும் சரிதான். நானும் சாமி படத்துக்கு முன்னாலல நின்னு பேசுனேன்."

"ரெண்டு பேருக்கும் தெருவுல எறங்கி நின்னு பேசணும்னு தோணலையாக்கும்?" என்றாள் முனீஸ்வரி. "ரெண்டு மாசமா எங்களுக்குத்தான் உசுரு போச்சு."

"ஏட்டி, வாய மூடு" என்ற மதினிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் அழுகையாகி, "எந் தம்பி கையால விட்டதுல்ல இது" என்று ஈரக் கையால் அதன் ஓட்டைத் தடவினார்.

மழைக்கு ஒதுங்கிய காராமை என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றியது. இவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. வாரிப்போட்ட சேற்றுக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலை நனைவது தெரிந்தது. எழ மனசு வரவில்லை.

"இப்ப இத ஆத்துக்குக் கொண்டுபோறதா, இங்கனயே விடுறதா? சொல்லுங்க, கை கடுக்குது" என்றார் பாய்.

"தண்ணி ஊறுற வரைக்கும் மாட்டுத் தொட்டில கெடக்கட்டும். வெயில் படாம ஓலையப் போட்டு மூடுங்க" என்றார் மதினி, தன் வீட்டுச் சாமான் மாதிரி.

கிணற்றுக்குள்ளிருந்து மறுபடியும் குரல் வந்தது. "மேல என்ன சிரிப்பு? போயிருச்சா, இல்லையா?"

முனீஸ்வரி சுவரில் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மச்சான், சீக்கிரம் ஏறி வாங்க. தைக்கு மண்டபம் பிடிக்கணுமாம்."