பயம் நிரூபிக்கப்படவில்லை

பேருந்து ஓட்டுநர் நாட்டை விட்டுக் கிளம்பியது அவர் இறந்த மறுநாள். கைதானவர்களை ஏற்றிக்கொண்டு கல்குவாரிக்குப் போகச் சொன்னார்கள். போனவர்கள் யாரும் திரும்பாத இடம் அது. அவர் வண்டிச் சாவியைச் சாக்கடையில் எறிந்தார். சிப்பாய் பணிமனை வாசலிலேயே அவர் மார்பில் சுட்டான். மத்தியானம் முழுக்க அங்கேயே கிடந்தார். பள்ளிக்கூடம் விடும் நேரமாயிற்றே, தாயில்லாப் பெண் தனியாக நிற்குமே என்ற நினைப்பு வந்ததும் எழுந்து, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு நடந்தார். அப்பாவின் கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று மட்டும் மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

செத்தவராக இருப்பதில் வழிப்பயணத்துக்குச் சில சௌகரியங்கள் இருந்தன. பசி இல்லாததால் கிடைத்த ரொட்டியெல்லாம் மகளுக்கே ஆயிற்று. கரைக்குச் சற்று முன்னால் படகு கவிழ்ந்தபோது, அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கடலடியிலேயே நடந்து வந்துவிட்டார். முதல் நாடு அவர்களைக் கம்பிவேலிக்குள் ஒரு கூடாரத்தில் போட்டது. ரேகை எடுக்கும் கருவியில் மகளின் விரலும் சரியாக அழுந்தவில்லை, அவர் விரலோ பதியவே இல்லை. குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து அலுத்துப்போனார். குளிரில் மகள் இருமத் தொடங்கியதும் வேலியைத் தாண்டினார்கள். இரண்டாவது நாடு, முதலில் கால் வைத்த இடத்தில்தான் அடைக்கலம் கேட்க வேண்டும் என்று தன்மையாகச் சொல்லி, வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. முதல் நாடோ, ரேகை இல்லையே, நீங்கள் இங்கே வரவே இல்லையே என்றது. இப்படிப் பந்தாய் உருண்டதில் மகளுக்குப் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்துவிட்டன.

மூன்றாவது நாடு நல்ல நாடு. ஓர் அறை கொடுத்தார்கள், மகளைப் பள்ளியில் சேர்த்தார்கள், விசாரணையன்று அதிகாரியம்மா தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி வைத்தார். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டார்.

"கொன்னுடுவாங்கன்னு சொல்ல முடியலம்மா. கொன்னுட்டாங்க."

மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து, அவர் சொல்வது உண்மை என்று சான்று கொடுத்தார். அதுவே வினையாகப் போயிற்று. கொல்லப்படுவோம் என்ற பயம் உள்ளவரையே சட்டம் காக்கும். இவருக்கு நடக்கவேண்டியது நடந்து முடிந்துவிட்டது, இனி பயப்பட ஒன்றுமில்லை. மகள் தங்கலாம், தகப்பன் திரும்பிப் போகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சுட்டபோதுகூட அவருக்கு அப்படி வலித்ததில்லை. மேல்முறையீடுகளும் தோற்றபின், வக்கீலம்மா அவரைத் தனியாக அழைத்தார். இந்த நாட்டில் வாழ்வதற்குத்தான் அனுமதி வேண்டும், அடக்கமாவதற்கு வேண்டாம். இதைச் சொல்லத் தன் நாக்கே கூசுகிறது என்றார்.

"பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்கு அடக்கம் பண்ற இடம் பக்கமா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"ரெண்டு ஸ்டாப் தள்ளி."

"அப்ப சரி."

கல்லறைத் தோட்டத்துக்கு அவரும் மகளும் பேருந்தில் போனார்கள். வண்டி திரும்பும்போதெல்லாம், இந்த ஆள் பிரேக்கை லேட்டாகப் போடுகிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். குழிக்குள் அவரே இறங்கிப் படுத்தார். மகள் விளிம்பில் குந்தி, கையை நீட்டினாள்.

"எந்திரிப்பா. வேற நாட்டுக்குப் போயிடலாம்."

"நாடெல்லாம் தீந்து போச்சும்மா."

குழி வெட்டுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு குழி வேலை இருந்தது, மண்ணைத் தள்ளினார்கள்.

பள்ளி விட்டதும் அவள் அங்கே வந்து உட்காருவாள். சாப்பிட்டாயா என்று கீழிருந்து குரல் வரும். அவள் பதில் சொல்வாள். மண் இறுக இறுகக் குரல் தேய்ந்தது. அவள் வளர்ந்து வேலைக்குப் போன காலத்தில், காதைத் தரையில் வைத்தால்தான் கேட்டது. சில நாள் அதுவும் இல்லை. கேட்டதாகவே வைத்துக்கொண்டு, சாப்பிட்டேன்ப்பா என்று சொல்லிவிட்டுப் போவாள்.

புதிதாகச் சேர்ந்த தோட்டக்காரன் ஒருநாள் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அங்கே யாரோ இருமுகிறார்களே என்று காவலாளியிடம் ஓடினான். காவலாளி செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அவரா? இப்ப அவரும் நம்ம ஊர்க்காரர்தான். நீ வேலையப் பாரு."