வாய் திறக்காத ஒரு மணி நேரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தையல்கடையில் கிடைத்தது. நீளம் குறைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலைகளை வாங்கப் போயிருந்தேன். உள்ளே காலை வைக்கும் முன்பே காதில் விழுந்தது:

"ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு உக்காரத் தெரியாதா உங்களுக்கு?"

"நான் எங்க பேசினேன்? தொண்டையைச் செருமினேன்."

"அந்தச் செருமல்லயே பத்துக் கேள்வி இருக்கு."

எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முகம் வராது, தெரு வராது, குரல் வரும். இரண்டு பேர் பேசிக்கொண்டால் போதும், நாற்காலியும் ஜன்னலும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும். அந்தத் தைரியத்தில் எழுத உட்கார்ந்தேன். தப்பு. இது யாரும் பேசக் கூடாத கதை.

2

முதல் தொடக்கம்: "வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் செய்யக்கூடிய உதவிகள் பல. அவற்றுள் முதலாவது——"

(அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் காகிதம் மாதிரி இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "துணி வெட்டும் மேசையில், நூல்கண்டு டப்பாமீது சாய்த்து வைத்த போனில், ஒரு பெண்ணின் உச்சந்தலை தெரிந்தது."

இது இருக்கட்டும், கண்ணால் பார்த்தது. அந்தப் பெண் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலை, எங்களுக்கு மாலை நாலரை. இந்தப் பக்கம் அவள் அம்மா, தையல்காரம்மா, மெஷினில். பக்கத்து முக்காலியில் அப்பா. லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். வேலை உடுப்போடு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டைக்காக மட்டும் மைக்கை அணைத்திருந்தார்கள். சண்டை முடிந்ததும் திறந்தார்கள்.

3

நடந்ததைத் தையல்காரம்மா ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. அதற்காகவே திரைச்சீலையை இன்னும் குறைக்கவேண்டும், இன்னும் குறைக்கவேண்டும் என்று மூன்று முறை கொண்டுபோனேன். இப்போது என் ஜன்னலில் பாதிதான் மறைகிறது.

மகளை வீட்டில் எறும்பு என்று கூப்பிடுவார்கள்.* கல்லூரி விண்ணப்பத்தை அப்பாதான் நிரப்பினார். கடவுச்சொல் அவர் நோட்டிலேயே இருந்தது. இரண்டாம் வருடம், சும்மா பார்க்கலாமே என்று ஒருநாள் அவள் கணக்கைத் திறந்தார். ஆறு வாரமாக அவள் வகுப்புக்கே போகவில்லை. ஒரு பாடத்தில் தேர்வும் எழுதவில்லை. இனி ஒரே ஒரு மறுதேர்வு. அதில் தவறினால் இடம் போய்விடும்.

அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பெயரில் அவளுடைய பேராசிரியருக்குக் கடிதம் போட்டார்.

"'எனக்கு உடம்பு சரியில்ல, தயவு பண்ணுங்க'ன்னு அவளே எழுதின மாதிரி எழுதியிருக்காரும்மா. அந்தப் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, உடம்புக்கு என்னன்னு அன்பா விசாரிச்சிருக்கார். இவ பேந்தப் பேந்த முழிச்சிருக்கா."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்," என்றார் லிஃப்ட்காரர். "லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா, உள்ள இருக்கறவங்ககிட்ட அனுமதி கேட்டுக்கிட்டா நிப்பாங்க?"

"உள்ள இருக்கறவங்க குரல்ல பேசிக்கிட்டும் நிக்க மாட்டாங்க."

எறும்பு கடவுச்சொல்லை மாற்றினாள். பதினோரு நாள் போன் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவளே கூப்பிட்டாள். அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்:

"'தனியா புத்தகத்தைத் திறக்க முடியலம்மா. தினம் ஒரு மணி நேரம் போனை எதிர்ல வச்சிட்டு உங்க வேலையைப் பாருங்க. மெஷின் சத்தம் கேக்கட்டும். எதுவும் கேக்காதீங்க. கேட்டா வச்சிடுவேன்'னா."

மறுதேர்வுக்கு அப்போது பத்தொன்பது நாள் இருந்தது.

(* நின்ற இடத்தில் நிற்காத பிள்ளையாம், அதனால் எறும்பு. அவள் ஆறு வாரம் ஒரு அறைக்குள்ளேயே கிடந்தாள் என்பதை எழுதும்போது இந்தப் பெயர் பேனாவில் இடறுகிறது. மாற்ற எனக்கு உரிமை இல்லை, விட்டுவிடுகிறேன்.)

4

லிஃப்ட்காரரை முதலில் வில்லனாக எழுதினேன். சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததால் சந்தேகம் வந்தது. மைக் அணைந்திருந்த ஒரு நிமிடத்தில் நான் கேட்டது இது:

"அதே ஸ்வெட்டர்."

"பாத்தேன்."

"நாலு நாளா அதே ஸ்வெட்டர்."

"நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். எண்ணலாம், கேக்கக் கூடாது."

"சாப்பிட்டாளான்னு மட்டும்——"

"கூடாது."

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு வில்லன் கிழிந்துபோனான். தினமும் வேலையை அரைமணி முன்னதாக விட்டு ஓடிவருகிற மனிதர். வந்து செய்கிற காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது.

அந்த ஒரு மணி நேரத்தை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் இரண்டாம் வரியிலேயே யாராவது பேசிவிடுகிறார்கள். பொறுக்காமல் அந்தப் பெண்ணின் அறைக்குள்ளேயே போய்விட்டேன். அவள் ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்று அவளே தோழியிடம் சொல்வதுபோல் எட்டு வரி. நன்றாகவே வந்திருந்தது.

5

முடிவுகள்.

அ) அவள் தேர்வில் தேறிவிடுகிறாள். அப்பா அழுகிறார். (யாருக்கு வேண்டும் இந்த அழுகை?)

ஆ) அவள் திரும்பி வருகிறாள். விமான நிலையத்தில் மூவரும் பெட்டியை யார் தூக்குவது என்று——

இ) உண்மையில் நடந்தது.

இ-யைத் தேடித் தேர்வு நாள் கழிந்ததும் கடைக்குப் போனேன். தையல்காரம்மா மட்டும் இருந்தார்.

"எழுதினாளா?"

அவர் ஊசியில் நூல் கோத்து முடித்தார்.

"அது அவ விஷயம்மா. அவகிட்ட கேக்காம சொல்லக் கூடாது."

"கதைக்குத்தான் கேக்கறேன். பேர்கூடப் போட மாட்டேன்."

"பேர் போடலன்னா அது அவ இல்லன்னு ஆயிடுமா?"

"ஏன் வகுப்புக்குப் போகலன்னாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் கேக்கல." நிமிர்ந்து பார்த்தார். "நீங்க உக்காருங்க, தண்ணி குடிங்க."

வீட்டுக்கு வந்து அந்த எட்டு வரியையும் அடித்தேன். லிஃப்ட்காரராவது பெற்ற உரிமையில் அவள் பெயரில் எழுதினார். எனக்கு என்ன உரிமை?

6

ஆகவே, தேர்வுக்கு ஒன்பது நாள் முன்பு நான் கடைசியாகக் கண்ணால் பார்த்ததோடு நிறுத்துகிறேன்.

மணி நாலு ஐம்பது. மைக் திறந்திருக்கிறது. திரையில் அந்த உச்சந்தலை மெல்லத் தாழ்ந்து புத்தகத்தின்மேல் படிந்தது. தோள்கள் குலுங்கின. லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். தையல்காரம்மா அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மெஷினில் துணி முடிந்துபோயிருந்தது. இன்னொன்றை எடுக்கத் திரும்பினால் சத்தம் நின்றுவிடும், நின்றால் அதுவே ஒரு கேள்வி. ஒரு கையால் ஊசியிலிருந்து நூலை உருவிவிட்டு, வெறும் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

திரையில் தோள்கள் நிற்கவில்லை. லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார்.

நான் வெளியே வந்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அவர் வாயில் என்ன வார்த்தை வைப்பது, வைக்காமல் மூடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. முக்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். மைக் திறந்திருக்கிறது, பார்த்து.