எந்தக் கன்னம்

காலமெல்லாம் கருங்கல் செதுக்கியவளிடம், இனிமேல் சுத்தியலைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் மண்டையிலேயே இரண்டு போடலாம் போல இருந்தது. அதற்கும் தோளைத் தூக்க வேண்டுமே.

ஆக, பெசன்ட் நகர் வீட்டின் சாப்பாட்டு மேஜைக்கு லினோ வந்து சேர்ந்தது. தரைவிரிப்பு மாதிரி ஒரு தகடு. சின்ன உளியால் உருவத்தை வெட்டி, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் படம். இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன்.

முதல் படம் தேவானைக்கு. ஊரூர் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். அவளுடைய மூன்று வயது வைரவனைச் சுனாமி கொண்டுபோயிற்று. வீட்டோடு அவன் போட்டோவும் போயிற்று. அவனைக் கல்லில் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது கல்லுக்கு வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, தகட்டின் மேலேயே வரைந்தேன். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, இங்கே திருஷ்டிப் பொட்டு கட்டாயம் வேண்டும் என்றாள். சுனாமி வந்த அன்று காலையிலும் வைத்துவிட்டாளாம். வரைந்து முடித்ததும், "இவன்தாம்மா" என்று அழுதாள்.

கன்னத்தை வெட்டியெடுத்துவிட்டுப் பொட்டை மட்டும் மை ஒட்ட விட்டேன். அச்சில் எல்லாம் பக்கம் மாறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லில் வலது என்றால் வலதுதான். என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது.

படத்தை வாங்கிப் பார்த்த தேவானைக்கு முகம் சுருங்கியது.

"இன்னாமா, பொட்டு இந்தப் பக்கம் கீது?"

"என் தப்புதான். அச்சுல திரும்பிடுச்சு. தகட்டுல பாரு, சரியா இருக்கு."

தகட்டைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். மறுபடி தகட்டை.

"இதுலயும் அவன் மாதிரியேதான்மா கீறான்."

"மாத்தி வெட்டித் தரேன் தேவானை."

"எந்தப் பக்கம்னு வெட்டுவ? அன்னிக்கு என் கன்னத்தத் தொட்டுதான காட்னேன்? அவன் எனுக்கு எதுருல நின்னுக்கினு இருப்பானே..."

எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவளிடம் பத்திரமாக இருந்தவனை நான் அல்லவா கலைத்துவிட்டேன்.

மேஜையில் மிச்சமிருந்த மையை அவள் விரல் நுனியில் தொட்டாள். தரையில் உட்கார்ந்தாள். இடது கை, எதிரே ஒரு குழந்தையின் மோவாயைப் பிடிக்கிற உயரத்தில் நின்றது. மை விரல் அந்தப் பக்கம் போயிற்று. இந்தப் பக்கம் வந்தது. நடுவில் நின்றுவிட்டது.

"ஆட்டாதடா கண்ணு," என்றாள். "தலைய ஆட்டாத."