அரைப்பேர்

1

ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்ததால் கிடைத்த கதை இது. நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று பெருமையடிக்க வழியில்லை. 2003இல் எங்கள் பஸார் சந்தியில் ஒரு சிலை வைப்பதற்காகக் கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். டீயும் மீன் வைத்த மாலு பணிஸும் கொடுப்பார்கள் என்று நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ஊர் இலங்கையில், இரத்தினபுரிப் பக்கம், றக்வானைக்கும் கொடகவெலைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

மலைகளை மூடியிருந்த பனி மெல்ல விலகிய ஒரு காலையில், கூடை சுமந்த அந்தப் பெண்…

வேண்டாம். தோட்டத்துக் கதை என்றாலே பனி மெல்ல விலகித்தான் ஆக வேண்டுமா? எங்கள் பக்கம் பனியைவிட அட்டைக்கடிதான் அதிகம்.

2

அப்போது யுத்தம் ஓய்ந்திருந்தது. வடக்கே போகும் பாதையைத் திறந்துவிட்டார்கள். அந்த உற்சாகத்தில் கடைக்காரர் சங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு பீடத்தைக் கட்டிவிட்டது. கட்டிய பிறகுதான் அதன் மேல் எதை வைப்பது என்று யோசித்தார்கள்.

ஒருவர் மாணிக்கக்கல் தோண்டுகிறவனை வைக்கலாம் என்றார். இன்னொருவர் யானை என்றார். புடவைக்கடை ஹபீஸா, சிலையே வேண்டாம், மரம் நட்டால் நிழலாவது கிடைக்கும் என்றார். (அதுதான் சரி. ஆனால் மரத்தை நட்டிருந்தால் எனக்குக் கதை ஏது?) சங்கத் தலைவர், இரும்புக்கடை நாகலிங்கம், கொழுந்து பறிக்கும் பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சம்பளச் சனிக்கிழமையில் நம் கடைகளை நிரப்புகிறவர்கள் யார் என்று கேட்டார். அதுவே முடிவானது.

பலாங்கொடையிலிருந்து சிற்பி வந்தார். பெயர் சுமன். சிங்களவர், தமிழ் தெரியாது. படத்தைப் பார்த்துச் செய்ய மாட்டேன், நிஜமாகவே கொழுந்து பறிக்கிற ஒருவர் என் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றார். அப்படித்தான் மேல்தோட்டத்து அழகம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

[கதையில் ‘வந்தாள்’ என்று எழுதுகிறேன். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் மரியாதை எப்படியோ கழன்று விழுந்துவிடுகிறது.]

3

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய காலிக் கடையில் அவளை நிறுத்தினார்கள். கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் கேட்ட ஒரே கேள்வி:

“பேர் போடுவீங்களாங்க?”

நாகலிங்கம் பஸாரிலேயே பிறந்து வளர்ந்தவர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் காற்று வாங்கக்கூடப் போனதில்லை. சுமனிடம் திரும்பி, சிங்களத்தில், “நம தான்ன ஓனெலு” என்றார். சிலையில் தன் பெயரைப் போடச் சொல்கிறாளாம்.

அன்று மாலையே கூட்டம். கூலிக்காரியின் பெயரைச் சந்தியில் பொறிப்பதா என்று ஒருவர் குதித்தார். போட்டால் எந்த மொழியில் போடுவது என்று இன்னொருவர் கிளப்பிவிட்டார். பணிஸ் தீர்ந்து, பிளேன்டீயும் ஆறிப்போன பிறகு, சரி, சிறிய எழுத்தில் போடலாம் என்று முடிவானது. மறுநாள் நாகலிங்கம் ஏதோ பட்டம் கொடுக்கப் போகிறவர் மாதிரி போய் அதைச் சொன்னார்.

அழகம்மா சிரித்துவிட்டாள்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. நிறையப் பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். இங்கே வந்து நிற்கிற நாளுக்குத் தோட்டத்தில் பேர் விழுமா என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். நாகலிங்கம் வழிந்துகொண்டே, தோட்டத்துத் தொரையிடம் பேசிச் சரிசெய்வதாகச் சொன்னார். சரியும் செய்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் ஒரு நல்ல நகைச்சுவைத் துணுக்கு.

4

ஆனால் அந்தச் சிரிப்பு நின்ற பிறகு அவள் கூடைக்கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினாள். நானும் அங்கே இருந்தேன். பிறகு சொன்னாள்:

“சிலையில பேர் போடுறதா இருந்தா, எம் பேரு வேணாங்க. எம்மகன் பேரப் போடுங்க. சதீஸ்னு.”

சதீஸ் வவுனியாப் பக்கம் பண்ணை வேலைக்குப் போனவன். போன புதிதில் யாரிடமாவது சேதி சொல்லி அனுப்புவான். அங்கே சண்டை மறுபடி மூண்ட பிறகு ஒன்றுமில்லை. அவன் போன பின் பழைய லயத்தை இடித்து, அவளைத் தோட்டத்தின் வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

“பாதை தொறந்துட்டாங்கல்ல? வந்தான்னா இங்கதான் எறங்கணும். லயமும் இல்ல. எங்கன்னு தேடுவான்? அவன் பேரு இங்க இருந்தா, நம்மள எதிர்பாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்குவான்ல.”

இந்த இடத்தில் ஓர் உவமை போடலாமென்று பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. யார் இந்தச் சதீஸ், அங்கே போய் என்ன செய்தான் என்று நாளைக்குப் பொலிஸிலிருந்து யாராவது விசாரித்து வந்தால் யார் பதில் சொல்வது? 83 கலவரத்தில் நாகலிங்கம் கடை எரிந்த கதை ஊருக்கே தெரியும். “நமக்கேன் வம்பு” என்றார். ஹபீஸா மட்டும், “அது ஒரு தாய் கேக்கிற பேருங்க” என்றார். முடிவு மாறவில்லை.

ஆனாலும் அழகம்மா தொடர்ந்து வந்து நின்றாள். சுமனுக்குத்தான் திண்டாட்டம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் மாறி ஏறும் இரத்தினபுரி பஸ் சந்திக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் கழுத்து அந்தப் பக்கம் போய்விடும். சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் தோற்று, திரும்பிய கழுத்தையே சிமெந்தில் பிடித்துவிட்டார்.

(திறப்புவிழாவுக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்குக் கண் கொழுந்தில் அல்லவா இருக்க வேண்டும்? இவள் எங்கே பார்க்கிறாள், கங்காணி ஏச மாட்டானா?)

5

முடிவுக்கு வருவோம். என்னிடம் இரண்டு இருந்தன.

முதலாவது: பெயரைப் பொறிக்கிறார்கள். ஒரு மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும் இளைஞன் பீடத்தருகே நின்று…

இரண்டாவது: பெயரைப் பொறிக்கிறார்கள். ஒரு காலையில் பீடம் உடைந்து கிடக்கிறது. யாரோ அழகம்மாவிடம் போய்…

இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதை எழுத ஆசை இருந்தது, தைரியம் இல்லை. இரண்டாவதை எழுத முடியும், மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். சிலையை ஏற்றி, பீடத்துக்குப் பூசிய கடைசிச் சிமெந்து ஈரமாக இருந்த அன்று, அழகம்மா நாகலிங்கத்திடம் போனாள்.

“முழுப்பேர் இல்லாட்டிப் பரவாயில்லங்க. அரைப்பேராவது போடுங்க.”

இந்த முறை அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சுமனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். தமிழ் எழுதத் தெரியாத சுமனுக்கு அவர் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். சுமன் அதைப் பார்த்துப் பீடத்தில் ஒற்றை எழுத்தைக் கீறினார்: ச.

ஊர் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறது. சங்கத்தின் ச என்கிறார்கள், சப்ரகமுவ மாகாணத்தின் ச என்கிறார்கள், சிற்பியின் கையெழுத்து என்கிறார்கள். யாரும் விசாரித்து வரவில்லை.

இதை 2009இல் எழுதுகிறேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். வவுனியா முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை யார் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அழகம்மா அக்கா இன்னும் சனிக்கிழமைகளில் இறங்கி வந்து, தன் சிலைக்குப் பக்கத்தில் நின்று, அது பார்க்கிற பக்கமே பார்க்கிறாள். இரத்தினபுரி பஸ் இப்போதுதான் திரும்புகிறது. யார் இறங்குகிறார்கள் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அது வெறும் கதையாகிவிடும்.

பீடத்தில் அந்த எழுத்துக்குப் பின்னால் இடம் இருக்கிறது. மீதி அரைப்பேரை நீங்கள் போடுங்கள்.

ச